ஃப்ரீ கியருக்கு ஒரு முகப்புப் படம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதிலும் காலையில் வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கி வந்து, என் காரை இன்னொரு கார் மறித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் வீடுகள் அதிகம், கார் நிறுத்த இடம் குறைவு. தாமதமாக வீடு திரும்புகிறவர்கள், ஏற்கெனவே நிற்கும் கார்களுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு மேலே போய்விடுவார்கள். போகும்போது ஒரு மரியாதை செய்வார்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, கியரை எதிலும் போடாமல் விட்டுவிடுவார்கள். இதற்கு இங்கே ஃப்ரீ கியர் என்று பெயர். காலையில் வெளியே போக வேண்டியவர் அந்தக் காரைக் கையால் தள்ளி நகர்த்திவிட்டுத் தன் காரை எடுத்துக்கொள்ளலாம். நகராவிட்டால் அழைக்க, முன்கண்ணாடி ஓரத்தில் போன் நம்பர் இருக்கும். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. எல்லாருக்கும் தெரியும்.

நான் ஹாரனை அழுத்துகிற ரகம். என் கணவர் தள்ளுகிற ரகம். நான் மேல்மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், அவர் மறித்து நின்ற காரைப் பேசாமல் தள்ளி ஓரங்கட்டிவிட்டு வந்து, "இத வச்சு ஒரு கேம் பண்ணலாம் லா," என்றார். அடுத்த மாதமே கோலாலம்பூரில் பார்த்துவந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டார். என் கோபத்தில் பிறந்த விளையாட்டு அது என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். என் சினத்தால் விளைந்த ஒரே நன்மை அதுதான் என்பது அவருடைய கட்சி.

விளையாட்டின் பெயரும் 'ஃப்ரீ கியர்'தான். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு கார்ப்பார்க். ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவர் அவசரமாக வெளியே போக வேண்டும். குறுக்கே நிற்கும் கார்களை எந்த வரிசையில் தள்ளினால் அவருக்கு வழி கிடைக்கும் என்பதுதான் கணக்கு. கேட்க எளிது, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அதில் வரும் கார்க்காரர்களை எல்லாம் அவர் சொந்தக்காரர்களைப் பார்த்தே செய்திருந்தார். துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவருகிறவர் பண்டமாரானில் இருக்கும் அவருடைய பெரியப்பா. காரின் பின்பெட்டியான பூட் நிறையக் கோயில் சாமான் வைத்திருப்பது என் சித்தி. எத்தனை முறை கூப்பிட்டாலும் போனை எடுக்காதவன் என் தம்பி. பட்டறையில் தட்டி நிமிர்த்த முடியாத அளவுக்கு அடிவாங்கிய காரை வைத்திருப்பவர் அவருடைய மச்சான். நிரல் எழுதியது முழுக்க அவர். படம் வரைந்தது முழுக்க நான்.

இப்படிப்பட்ட விளையாட்டுகளை விற்க இணையத்தில் பெரிய கடை ஒன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு முகப்புப் படம் உண்டு. வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். விளையாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் படத்தைத் தொட்டால்தானே உள்ளே வரப்போகிறார்? அதைக் கடை பல அளவில் கேட்கும். பெரிய அளவில் பார்க்கிறவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் பட்டியலில் ஓட்டிக்கொண்டு போகும்போது தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிதாக அதைப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றுகூடச் சொல்ல முடியாது, கண் அதன்மேல் பட்டுப் போகும்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பதுகூட எனக்குத் தெரியாது. ஏனென்றால் எனக்குச் சோறு போடுவதே படம் வரைகிற தொழில்தான். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பேனர் அடிக்கிற கடையில் நான் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, அறுபதாம் கல்யாணம், நினைவஞ்சலி, தீபாவளி வாழ்த்து என்று நான் பார்க்காத முகம் இல்லை. எங்கள் பேனரில் ஒரு சட்டம் உண்டு. யாரையும் விடக் கூடாது. மாப்பிள்ளை, பெண் நடுவில் இருந்தாலும், தாய்மாமன் ஒரு பக்கம் சிரிக்க வேண்டும், வெளிநாட்டில் படிக்கிற தம்பி ஒரு வட்டத்துக்குள் நிற்க வேண்டும், மேலே குலசாமி, கீழே பேரப்பிள்ளைகள். முடித்துக் காட்டினால் வாடிக்கையாளர் விரலை ஒரு மூலையில் வைத்து, "இங்க இடம் காலியா இருக்கே லா," என்பார். உடனே அந்த மூலைக்கு ஒரு பெரியம்மா வந்து சேர்வார். ஒரு முகம் விட்டுப்போனால் அந்தக் குடும்பத்தில் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. விடுபட்டவரின் சாபம் என் மேல்தான் விழும்.

ஆகவே எங்கள் விளையாட்டுக்கு முகப்புப் படம் வேண்டும் என்றதும் நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எல்லாரையும் வைத்தேன். நடுவில் பெரியப்பா துண்டோடு, பக்கத்தில் சித்தி தாம்பாளத்தோடு, கீழே தம்பி கொட்டாவி விட்டபடி, மச்சானின் அடிபட்ட கார், அதற்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுக் கார், எல்லாவற்றுக்கும் மேலே விளையாட்டின் பெயர் தங்க நிறத்தில், நிழல் விழ, ஓரம் மின்ன. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். பெரியப்பாவின் மீசையில் நரை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் தொடங்கியது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். அரை மணி நேரத்தில் கைதட்டலும் பூமாலையும் வந்து குவிந்தன. "சூப்பர் லா," "என் மூக்கு கொஞ்சம் பெருசா இருக்கு, பரவால்ல," "தூள்." அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுக் கொண்டாடினோம். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தவர்கள் என்பதும், ஒவ்வொருவரும் படத்தை விரலால் பெரிதாக்கித் தன் முகத்தைத்தான் தேடினார்கள் என்பதும் அப்போது எங்கள் புத்தியில் ஏறவில்லை.

இணையக் கடையில் எங்கள் பக்கத்தைத் திறந்தோம். யாரும் வரவில்லை. யாருமே என்றால் பொய், குடும்பத்தார் வந்தார்கள். விளையாட்டு வெளியாவதற்கு முன்பே, பிடித்தவர்கள் ஒரு பொத்தானை அழுத்தி, பிறகு வாங்குவதற்காகத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தவர்களின் எண்ணிக்கையைத்தான் எங்களைப் போன்றவர்கள் காலையில் பல் துலக்குமுன் பார்ப்போம். எங்கள் எண் மாதக்கணக்கில் படுத்தே கிடந்தது.

இந்த நிலையில்தான் சிங்கப்பூர் வேலை வந்தது. என் கணவரின் பழைய மேலாளர் ஒருவர் அங்கே போயிருந்தார், அவர் கூப்பிட்டார். நல்ல சம்பளம், நல்ல வேலை, ஒரு குறையும் சொல்ல முடியாது. வார நாளெல்லாம் அங்கே, முடிந்தபோது பஸ் ஏறி இங்கே. நாங்கள் உட்கார்ந்து பேசினோம். இணையக் கடையில், வெளிவராத விளையாட்டுகளின் மாதிரியை இலவசமாக ஆடிப்பார்க்கிற ஒரு வாரம் நடக்கும். அந்த வாரம் முடியும்போது எங்கள் எண் நாங்கள் குறித்துவைத்த ஓர் அளவைத் தொட்டிருந்தால் சிங்கப்பூர் வேண்டாம், தொடாவிட்டால் அவர் போவது என்று முடிவானது. முடிவானது என்று எழுதுகிறேன், முடிவு செய்தது அவர். என்னைக் கேட்டபோதெல்லாம் நான், "உன் இஷ்டம்," என்றேன். மாமியார் முன்னால் 'நீங்க' என்பேன், தனியாக இருக்கும்போது 'நீ'தான்.

உன் இஷ்டம் என்று சொன்னேனே தவிர, எனக்கு அதில் துளி இஷ்டமில்லை. என் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர், குடும்பத்துக்காகத்தான் போனார், மாதம் ஒருமுறை பிஸ்கட் டின்னோடு வருவார். நான் அவரை வீட்டில் பார்த்ததை விடப் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததுதான் அதிகம். அவர் வரும் நாளில் வீடே விருந்தாளி வந்த மாதிரி இருக்கும். விருந்தாளியைப் போலவே அவரும் டம்ளரை எங்கே வைப்பது என்று கேட்பார். எனக்கு அப்படி ஒரு வீடு இன்னொரு முறை வேண்டாம். ஆனால் மாதக்கணக்காகச் சம்பளமில்லாமல் உட்கார்ந்து உழைக்கிற மனிதரிடம், போகாதே என்று எந்த வாயால் சொல்வது? கோபம் வந்தால் கத்தத் தெரிந்த எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் அத்தை ஒரு காரியம் செய்தார். அத்தை என்றால் என் மாமியார், ரவாங்கில் மூத்த மகளோடு இருக்கிறார். குழுவில் அவர் எழுதுவதில்லை, எல்லாம் குரல் பதிவுதான். தன் தம்பிக்கு ஊக்கம் தர நினைத்த நாத்தனார், எங்கள் முகப்புப் படத்தைக் குடும்பக் குழுவின் அடையாளப் படமாக மாற்றிவைத்திருந்தார். பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டமாக வருமே, அந்தப் படம். மறுநாள் காலை அத்தையின் குரல் வந்தது.

"யாரு குரூப்ல பிரியாணி படம் போட்டது? எந்தக் கடை? நல்லா கலரா இருக்கு. வர்ற சனிக்கிழமை அங்கயே வாங்கிருவோமா?"

நான் கடையில் ஒரு திருவிழா பேனருக்கு முருகனின் வேலாயுதத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. பெரியப்பாவின் மீசை நரையை வரைய எனக்கு ஒரு நாள் ஆனது, அதைப் போய்ப் பிரியாணி என்றால்? போனை எடுத்து அந்த வட்டத்தைப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். மஞ்சளும் செம்மண் நிறமும் தங்க நிறமுமாக, அங்கங்கே கறுப்புப் புள்ளிகளோடு, பச்சையாய் ஓரத்தில் ஏதோ ஒன்று. அத்தை பாவம், மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். அது பிரியாணியேதான், அதுவும் மசாலா தூக்கலான பிரியாணி.

அன்று மதியம் வேலையை ஓரம் கட்டிவிட்டு இணையக் கடையின் பக்கத்தைத் திறந்து, எங்கள் படத்தை மற்றப் படங்களுக்கு நடுவில் அந்தச் சின்ன அளவில் ஒட்டிப் பார்த்தேன். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். பேனரை எப்போதும் நாங்கள் கம்பத்தில் கட்டித் தொலைவிலிருந்து பார்ப்போம், திரையில் நிரம்பியிருக்கும்போது பார்த்து முடிவெடுக்க மாட்டோம். சுற்றிலும் இருந்த படங்கள் பெரும்பாலும் கருநீலம், ஊதா, வாளேந்திய வீரர்கள், எரியும் கோட்டைகள். அவற்றில் நன்றாக இருந்த ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. ஒரு பூனை, ஒரு கப்பல், ஒரு கை. எங்களுடையதில் முப்பது விஷயங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. தங்க எழுத்தில் எழுதிய பெயரை நானே வாசிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, "எல்லாரையும் தூக்கணும்," என்றேன்.

என் கணவர் திரையிலிருந்து தலையைத் திருப்பினார். "பெரியப்பாவயுமா?"

"பெரியப்பாவத்தான் மொதல்ல."

"அவரு பண்டமாரான் முழுக்கச் சொல்லி வச்சிருக்காரு லா. சாப்பாட்டுக் கடையில எல்லாம் காட்டியிருக்காரு."

"அவரு காட்டட்டும். கேம்ல இருக்காருல்ல? மொகப்புல வேணாம்."

அவருக்கு மனமில்லை. அவருக்கு அந்த மனிதர்கள் எல்லாரும் வேண்டும், அதுதான் அவர். எனக்கும் எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு முகமாக மறைத்து மறைத்துப் பார்த்தேன். சித்தி மட்டும் இருந்தால் கோயில் விளையாட்டு மாதிரி இருந்தது. அடிபட்ட கார் மட்டும் இருந்தால் மோதுகிற விளையாட்டு. பெரியப்பா மட்டும் துண்டோடு நின்றால் என்ன விளையாட்டு என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. படம் அழகாக இருந்தால் போதாது, உள்ளே வந்தால் என்ன செய்யப்போகிறாய் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும். சொல்லாத படத்தை நம்பி வருகிறவன் ஏமாந்து திரும்பிப் போவான், அது யாருமே வராததை விட மோசம். ஒரு வாரம் போனது. இலவச மாதிரி வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வரைந்த எதையும் எனக்குப் பிடிக்கவில்லை, யார் பேசினாலும் கடித்துத் துப்பினேன்.

சிங்கப்பூர்க்காரர்கள் வீடியோவில் நேர்முகம் வைத்த நாள் அப்போதுதான் வந்தது. என் கணவர் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை எல்லாம் கட்டிக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்தார். இடுப்புக்குக் கீழே கட்டம் போட்ட கைலி. கேமராவுக்குத் தெரியாதாம். நான் அறைக்குள் இருக்கப் பிடிக்காமல், துவைத்த துணியை எடுத்துக்கொண்டு வெளியே நடைவழிக்கு வந்து காயப்போட்டேன். அவர் ஆங்கிலத்தில் சிரித்துப் பேசுவது கேட்டது. நன்றாகப் பேசினார். அவ்வளவு நன்றாகப் பேசியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

பேச்சு முடிந்த கையோடு கீழேயிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். எட்டிப் பார்த்தால், ஒரு பெண்மணி தன் காரை எடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு பழைய சிவப்புக் கார். என் கணவர் வெளியே வந்து பார்த்தார், அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மூன்றாம் மாடியிலிருந்து நான் பார்த்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, டை தோளில் பறக்க, இரண்டு கைகளையும் காரின் பின்பக்கம், பூட் மூடியில் வைத்துத் தள்ளினார். கார் அசைவதாக இல்லை. ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. மேலே பாதி ஆபீஸ், கீழே பாதி வீடு, முகம் தெரியவில்லை, முதுகு மட்டும். அந்தப் பெரிய சிவப்புப் பூட்டில் அவர் ஒரு பக்கமாக ஒண்டி நின்றுகொண்டிருந்தார். மறுபக்கம் காலியாக இருந்தது. என் கையில் ஈரத் துணி சொட்டிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்லக் கார் நகர்ந்தது, பெண்மணி கையசைத்துவிட்டுப் போனார், அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். நான் துணியைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடி வரையத் தொடங்கினேன்.

புதிய படத்தில் இருந்தது அவ்வளவுதான். எங்கள் அடுக்குமாடிச் சுவரின் வெளிர்பச்சை, அதன்மேல் சிவப்புக் கார், அதைத் தள்ளுகிற வெள்ளைச் சட்டை முதுகு, கைலி, கழன்ற செருப்பு ஒன்று. இரண்டு பக்கமும் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட கார்கள் நெருக்கி நின்றன, எவ்வளவு மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது தெரியும்படி. பெயரை எங்கே எழுதுவது என்று யோசிக்கவே இல்லை, கார் பின்னால் நம்பர் பிளேட் இருக்கிறதே. எங்கள் மலேசிய நம்பர் பிளேட் கறுப்பில் வெள்ளை எழுத்து, அதை விடத் தெளிவாக எதையும் எழுத முடியாது. தங்கமும் நிழலும் மின்னலும் போயின. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன், அப்போதும் ஆள் தனியாகத் தெரிந்தார். சின்னதாக்கிப் பார்த்தேன், தெரிந்தார். கருநீல வீரர்களுக்கு நடுவில் ஒட்டிப் பார்த்தேன். பச்சையும் சிவப்புமாக எங்கள் கார்ப்பார்க் பளிச்சென்று நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே நிறுத்தியிருந்தாலும் மன்னித்திருப்பேன்.

அப்படியும் ஒரு பழக்கம் விடவில்லை. அவருக்குப் பக்கத்தில் பூட்டின் மறுபாதி காலியாகக் கிடந்தது என் கண்ணை உறுத்தியது. அங்கே பெரியப்பாவை வைக்கலாமே என்று கை பரபரத்தது. வைத்தும் பார்த்தேன். இரண்டு பேர் தள்ளினால் பார்க்கிறவருக்கு அங்கே வேலையில்லாமல் போனது. எடுத்துவிட்டேன்.

கணவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இது நான்," என்றார்.

"ஆமா."

"கைலியோடவா?"

"கைலிதான் படமே."

குழுவில் போட்டதும் மயான அமைதி. கைதட்டல் இல்லை, மாலை இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சித்தி, "மொகமே இல்லையேம்மா, முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறது நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். பெரியப்பா ஒரு வார்த்தை எழுதாமல் குழுவிலிருந்து வெளியேறினார். அதைப் பார்த்து என் கணவர் முகம் வாடிப்போனது. எனக்கும் வருத்தம்தான், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டு, குழுவின் அடையாளப் படத்தை இந்தப் புதிய படமாக மாற்றச் சொன்னேன். அத்தையிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

மறுநாள் காலை நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் குரல் வந்தது. கொஞ்சம் கோபமாக இருந்தது.

"ஏன் அவன் தனியாத் தள்ளிக்கிட்டு நிக்கிறான்? இத்தன பேரு இருக்கீங்க, யாராச்சும் போயி ஒரு கை குடுக்கக் கூடாதா?"

அதை மூன்று முறை கேட்டேன். அந்தச் சின்ன வட்டத்துக்குள், முகம் தெரியாத முதுகில், மகனை அடையாளம் கண்டுகொண்டார். அது மட்டுமா? பார்த்த உடனே போய்த் தள்ளலாம் என்று தோன்றியிருக்கிறது. ஒரு முகப்புப் படத்திடம் இதற்கு மேல் நான் என்ன கேட்பேன்? படம் நன்றாக இருக்கிறது என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாராச்சும் போயி ஒரு கை குடுக்கக் கூடாதா என்றது என்னை இல்லை, ஆனால் மூன்றாம் மாடியில் ஈரத் துணியோடு நின்றது நான்தானே.

இலவச மாதிரி வாரம் தொடங்கியது. எண் எழுந்து நடக்க ஆரம்பித்தது. முதல் படம் ஒரு மாதத்தில் கொண்டுவராதவர்களைப் புதிய படம் ஒரே நாளில் கொண்டுவந்தது. எங்கேயோ குளிர் ஊரில் இருக்கும் ஒருவர் எங்கள் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். அந்த மனிதர் பாவம் தனியாகத் தள்ளுகிறாரே என்று உள்ளே வந்தாராம், துண்டு கட்டிய பெரியவர் வந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அதைப் படம்பிடித்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலம் அவர் குழுவுக்குத் திரும்பி வந்தார். வந்ததும், எல்லாருக்கும் பொதுவாக ஒரு காலை வணக்கம் போட்டார், மணி ஆறு ஆகியிருந்தது.

ஆனாலும் நாங்கள் பேசிவைத்த அளவுக்கு எண் வரவில்லை. கடைசி நாளும் வந்துவிட்டது. வேலை உறுதி என்று எழுதியிருந்த சிங்கப்பூர்க்காரர்களுக்கு அன்று மதியத்துக்குள் பதில் எழுத வேண்டும். காலையில் என்னைக் கடையில் கொண்டுபோய் விட அவரும் கூடவே கீழே இறங்கினார். எங்கள் காருக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது. அவர் போய்த் தள்ளினார், அசையவில்லை. நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று தள்ளினேன். அப்போதும் அசையவில்லை. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தவர், "ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டுப் போயிருக்கான் லா," என்றார்.

முன்கண்ணாடியில் இருந்த நம்பருக்கு அழைத்தோம். "சாரி பாஸ், குளிச்சிக்கிட்டு இருக்கேன், பத்தே நிமிஷம்," என்றது ஒரு குரல், பின்னால் தண்ணீர் சத்தத்தோடு. வேறு நாளாக இருந்தால் அந்தப் போனைப் பிடுங்கி நான் அந்த ஆளைச் சோப்பு நுரையோடு கீழே இறக்கியிருப்பேன். அன்று என்னவோ வாய் வரவில்லை. இருவரும் கார்ப்பார்க் ஓரக் கல்லில் உட்கார்ந்தோம்.

அவர் போனில் எண்ணைப் பார்த்தார். "இன்னும் கொறையுது. இன்னிக்குள்ள வராது." போனைத் திருப்பி எனக்கும் காட்டினார். "நீ என்ன சொல்ற?"

உன் இஷ்டம் என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"போகாத," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "இத்தன நாளா இத நீ சொல்லவே இல்லையே."

"இப்ப சொல்றேன். போகாத. எனக்கு நீ இங்க வேணும். சம்பளம் இல்லாட்டி என் பேனர் இருக்கு, அத வச்சுச் சமாளிப்போம். பஸ் ஸ்டாண்டுல உன்னப் பாக்க என்னால முடியாது."

அவர் போனில் ஏதோ தட்டினார். நாலே வரி, ஆங்கிலத்தில், மன்னிப்பும் நன்றியும். அனுப்புமுன் என்னிடம் காட்டினார். நான் தலையசைத்தேன். அனுப்பினார். எங்கள் எண் அந்த வாரத்தில் அந்த அளவைத் தொடவில்லை. பிறகு தொட்டது, நாங்கள் தினமும் பார்ப்பதை விட்டிருந்த ஒரு நாளில்.

வெள்ளைக் காரின் சொந்தக்காரன் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்தான். "சாரிக்கா, சாரிக்கா, ராத்திரி மறந்து பிரேக்கப் போட்டுட்டேன்." என் பேர்போன வாயைப் பற்றி அந்த அடுக்குமாடியில் தெரியாதவர்கள் இல்லை, பையன் நடுங்கியே வந்தான்.

"பரவால்ல தம்பி," என்றேன். என் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அவன் கதவைத் திறந்து பிரேக்கை இறக்கிவிட்டு, காரை எடுக்க உட்காரப் போனான். வேண்டாம், இரு என்றேன். என் கணவர் அதற்குள் பூட்டில் கை வைத்துவிட்டிருந்தார், வழக்கம்போல ஒரு பக்கமாக. மறுபக்கம் காலியாக இருந்தது. கைப்பையைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நான் போய் அங்கே கை வைத்தேன். கார் லேசாக நகர்ந்தது.